ஒரே பிளேன், பக்கத்துப் பக்கத்து சீட், இரண்டு விலை

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

போன வருடம் எங்கள் மாமா வபாத்தானார். கட்டாரில் வேலை செய்யும் அவருடைய மூத்த மகனுக்கு சுபஹுக்கு முந்தியே கோல் போனது. உடனே டிக்கட் எடுத்தும் ஜனாஸாவுக்கு வந்து சேர முடியவில்லை. அஸருக்குப் பிறகு அடக்கிவிட்டோம். அவன் வந்தது மறுநாள். வந்தவன் என்னிடம் சொன்னான்: "நானா, எனக்குப் பக்கத்தில இருந்தவர் கல்யாணத்துக்கு வாறவர். ரெண்டு மாசத்துக்கு முந்தி எடுத்த டிக்கட். நான் குடுத்த காசில அரைவாசி கூட அவர் குடுக்கல்ல. மையித்துக்கு வாறவனுக்குத்தானா கூட விலை?"

அன்றைக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பிக்கிற ஆள் என்பதால் பிறகு தேடிப் பார்த்தேன். பதில் வரலாற்றில்தான் இருக்கிறது.

ஒரு காலத்தில் டிக்கட் விலையில் இப்படிப் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. 1945இல் ஹவானாவில் உலக விமான நிறுவனங்கள் கூடி 'அயாட்டா' என்ற சங்கத்தை அமைத்தன. சர்வதேசக் கட்டணங்களை அந்தச் சங்கம் பேசி முடிக்கும், அரசாங்கங்கள் அங்கீகரிக்கும். ஒரு பாதையில் எந்தக் கம்பனியில் போனாலும் ஏறத்தாழ ஒரே விலை. எங்கள் எயார் சிலோன் 1947 டிசம்பர் 10ஆம் திகதி இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை ஊடாக மெட்ராஸுக்கு முதற் பயணம் போனதும் அந்தக் காலத்தில்தான். விலை ஒரே மாதிரி இருந்தது உண்மை. ஆனால் அது சாதாரண மனிதனுக்கு எட்டாத விலை. ஊரில் மூத்தவர்கள் சொல்லும் ஹஜ் கதைகளெல்லாம் கப்பல் கதைகளாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

இதை உடைக்க வந்தவர் பிரித்தானியாவின் பிரெடி லேக்கர். 1971இல் அனுமதி கேட்டார். வருடக்கணக்காக இழுபட்டு, 1977 செப்டம்பர் 26ஆம் திகதி அவருடைய 'ஸ்கைட்ரெயின்' லண்டன் கெட்விக்கிலிருந்து நியூயோர்க்குக்குப் பறந்தது. ஒருவழிக் கட்டணம் 59 பவுண். முற்பதிவு கிடையாது. போகிற நாளிலேயே வரிசையில் நின்று டிக்கட் எடுக்க வேண்டும், பஸ்ஸுக்கு நிற்பது போல. சாப்பாடு வேண்டுமென்றால் தனியாகக் காசு. கவனியுங்கள்: அந்த விமானத்தில் கடைசி நேரத்தில் வருகிறவனுக்குத்தான் மலிவு!

அதே 1977இல் அமெரிக்காவில் இன்னொரு யோசனை பிறந்தது. அமெரிக்கன் எயார்லைன்ஸ் 'சூப்பர் சேவர்' என்ற மலிவுக் கட்டணத்தை அறிவித்தது. பல வாரங்களுக்கு முன்பே டிக்கட் வாங்குகிறவர்களுக்கு மட்டும். கணக்கு இதுதான். உல்லாசப் பயணி முன்கூட்டியே திட்டமிடுவான், விலை கூடினால் போகாமலே இருந்துவிடுவான். வியாபாரி கடைசி நேரத்தில் வருவான், கம்பனிக் காசு என்பதால் எவ்வளவு என்றாலும் கொடுப்பான். ஆகவே சும்மா போகிற சீட்டுகளை மலிவாக முன்பே விற்று, மீதியை வியாபாரிக்காகப் பிடித்து வைப்பது. எத்தனை சீட்டைப் பிடித்து வைப்பது என்று கணக்குப் பார்க்க 'சேபர்' என்ற கணினி முறை அவர்களிடம் ஏற்கனவே இருந்தது. 1978 ஒக்டோபரில் அமெரிக்க அரசு தன் நாட்டுக்குள் கட்டணக் கட்டுப்பாட்டை நீக்கச் சட்டம் கொண்டுவந்ததும் இந்தக் கணக்குக்கு வழி திறந்தது.

இரண்டு யோசனைகளில் எது வென்றது? டொலரில் வாங்கிய விமானக் கடன், பவுணின் வீழ்ச்சி, பொருளாதார மந்தம், பெரிய கம்பனிகளின் விலைக்குறைப்பு எல்லாம் சேர்ந்து 1982 பெப்ரவரியில் லேக்கரை மூட வைத்தன. எல்லாருக்கும் மலிவு என்று 1981இல் வந்த அமெரிக்காவின் 'பீப்பள் எக்ஸ்பிரஸ்' 1987இல் வேறொரு கம்பனிக்குள் கரைந்து போனது. நிலைத்தது கணினிக் கணக்கு. 2003இல் ஷார்ஜாவிலிருந்து பறக்கத் தொடங்கிய எயார் அரேபியா போன்ற மலிவுக் கம்பனிகள் கூட லேக்கரிடம் எடுத்தது, சாப்பாட்டுக்குத் தனிக் காசு என்ற பாடத்தை. விலையை நாளுக்கு நாள் மாற்றும் பாடம் மற்றப் பக்கத்திலிருந்து வந்தது.

மச்சானின் கேள்விக்குப் பதில் இதுதான். கடைசி நேரத்தில் வருகிறவன் கம்பனிக் காசில் வரும் வியாபாரி என்று அந்தக் கணக்கு நினைக்கிறது. வாப்பாவை இழந்த தொழிலாளியை அதற்குத் தெரியாது.

அதே கணக்கு இல்லையென்றால், கல்யாணத்துக்கு வந்தவருக்கும் அந்த விலை கிடைத்திருக்காது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். இன்று எங்கள் உம்மாமார் உம்ராவுக்குப் பிளேனில் போவதும் இதனால்தான்.

நாங்கள் என்ன செய்யலாம்? லீவு, உம்ரா, கல்யாணம் போன்ற தெரிந்த பயணங்களை முன்பே எடுங்கள். பெருநாள், பாடசாலை விடுமுறைக் காலங்களைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். ஏஜன்ட் சொல்லும் விலையைக் கம்பனியின் சொந்த இணையத்தளத்திலும் ஒருமுறை பாருங்கள். திகதி மாற்ற எவ்வளவு, பொதி எத்தனை கிலோ என்று கேட்காமல் காசு கொடுக்காதீர்கள். வயதான பெற்றோர் ஊரில் இருந்தால், திகதி மாற்றக்கூடிய டிக்கட் கொஞ்சம் கூடினாலும் பெறுமதி.

மௌத்துக்கு முற்பதிவு இல்லை. அதற்கு ஒரேயொரு வழிதான் எனக்குத் தெரிகிறது. எங்கள் ஊர் நலன்புரிச் சங்கத்தில் இதற்கென்று ஒரு நிதி. அவசரமாக வரவேண்டிய பிள்ளைக்கு டிக்கட் காசை வட்டியில்லாத கடனாகக் கொடுப்போம், மாதா மாதம் திருப்பித் தரட்டும். வெளிநாட்டில் இருக்கும் நூறு பேர் மாதம் ஒரு தேநீர்க் காசு போட்டாலே தொடங்கலாம்.

சங்கத்து ஆட்கள் இதை வாசித்தால் அடுத்த கூட்டத்தில் பேசுங்கள். நானும் வருகிறேன்.