சாடிச் சில்லுகளும் கடல்வாணிக வரலாறும்

பண்டைக் கடல்வாணிகத்தின் கணக்கேடுகள் பெரும்பாலும் அழிந்தொழிந்தன. ஆயினும், சரக்கைச் சுமந்து சென்ற மட்கலங்கள் சில்லுகளாக எஞ்சியுள்ளன. அவற்றை முறையாக வகைப்படுத்தின், இழந்த கணக்கின் ஒரு பகுதியை மீட்டல் கூடும். இதனை ஈண்டு இரு சான்றுகளால் விளக்குவாம்.

உரோமை நகரில், தைபர் ஆற்றுத்துறைக்கு அண்மையில் தெசுத்தாச்சியோ என்னும் மேடு உளது. ஏறத்தாழ 35 மீட்டர் உயரமுடைய இஃது இயற்கைக் குன்றன்று. உடைந்த அம்போராச் சாடிகளால் ஆயது. அவற்றுட் பெரும்பாலானவை தென் இசுபானியாவிலுள்ள பேத்திக்கா நாட்டினின்று ஒலிவ எண்ணெய் கொணர்ந்தவை. ஒரு சாடி, வெறுங்கலமாக ஏறத்தாழ 30 கிலோ நிறையும், 70 லிட்டர் கொள்ளளவும் உடையது. எண்ணெய் ஊறிய கலம் மீண்டும் பயன்படாமையின் அதனை உடைத்தனர். நாற்றமடங்கச் சுண்ணாம்பு தூவினர். சில்லு நிரப்பிய சாடிகளை வரிசையாக அடுக்கி, மேட்டைப் படிப்படியாக உயர்த்தினர். கழிவும் ஒழுங்குபடவே குவிக்கப்பட்டது என்க.

செருமானிய அறிஞர் ஐன்ரிக்கு திரெசல் 19-ஆம் நூற்றாண்டில் இம்மேட்டை ஆராய்ந்தார். சாடிகளின்மேல் மையால் எழுதப்பட்ட குறிப்புகளில் வெறுங்கலத்தின் நிறை, எண்ணெயின் நிறை, வணிகர் பெயர், அலுவலர் சரிபார்த்த ஆண்டு ஆகியன காணப்பட்டன. இக்காலத்துச் சரக்குச் சீட்டின் பணியை அக்காலத்தில் சாடியே ஆற்றியது. 1899-இல் வெளியான அவர்தம் வடிவ அட்டவணையில் இவ்வுருண்டைச் சாடி 20-ஆம் எண் பெற்றது. அவ்வெண்ணே இன்றும் ஆய்வுலகில் வழங்குகின்றது.

இனி, புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டை நோக்குவாம். 1945-இல் வீலர் நிகழ்த்திய அகழாய்வில் அம்போராச் சில்லுகளும், இத்தாலிய அரெத்தைன் கலங்களும், உள்ளடியில் பற்சக்கரக் கோலம் வட்டமாகப் பதிந்த தட்டுகளும் கிடைத்தன. இத்தட்டுகளையும் மத்தியதரைக் கடல்நாட்டு இறக்குமதி என்றே வீலர் கருதினார். பிற்காலத்துக் களிமண் ஆய்வுகளோ அவை இந்தியாவில் வனையப்பட்டவை எனக் காட்டின. இவ்வொரு மாற்றத்தால், யவனர் கொணர்ந்த பொருளென எண்ணப்பட்டது இந்நாட்டுக் குயவர்தம் கைத்திறனாயிற்று. அம்போராச் சில்லுகளை ஆராய்ந்த எலிசபெத்து வில் அம்மையார், அவற்றுட் பல கோசுத் தீவின் சாடி வடிவைச் சார்ந்த மதுச்சாடிகள் எனத் தெளிந்தார்.

இவற்றால் பெறப்படுவது யாது? வகைப்பாடு பிறழின் வாணிகத்தின் திசையே பிறழும். எனவே, அகழ்ந்தெடுத்த சில்லுகளை வண்ணமும் வடிவும் நோக்கிப் பிரிப்பதோடு அமையாது, கிடைத்த இடமும் மண்ணடுக்கும் குறித்த சீட்டுடன் பொதிதல் வேண்டும். சீட்டு இழந்த சில்லு தன் சான்றின் பெரும்பகுதியையும் இழந்ததாகும்.