சிறைச் சோறும் வறுமைக் கோடும்

ஒரு மனுஷன் உயிர் வாழ எவ்வளவு பணம் வேணும்? சாதாரணக் கேள்விதான். ஆனால், இதற்கான பதிலை எழுதுகிற பேனா யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து, கோடிக்கணக்கான பேரின் தலையெழுத்தே மாறிவிடும்!

1876-ல் தாதாபாய் நவ்ரோஜி, ‘இந்தியாவின் வறுமை’ என்ற தலைப்பில் பம்பாயில் ஒரு கட்டுரை வாசித்தார். கணக்குக்காக அவர் எங்கே போனார் தெரியுமா? வெள்ளைக்கார சர்க்காரின் சொந்த ஏடுகளுக்கு! கடல் கடந்து போகும் கூலிகளுக்குக் கப்பலில் தரவேண்டிய சாப்பாடு, சிறைக் கைதிகளின் சோறு, துணிமணிக்கு ஆகும் செலவு... எல்லாவற்றையும் எடுத்துக் கூட்டினார். 1867-68 விலைவாசிப்படி, இடத்துக்குத் தகுந்தாற்போல் ஆளுக்கு வருஷம் 16 ரூபாய் முதல் 35 ரூபாய் வரை தேவைப்பட்டது. இந்தியரின் சராசரி வருமானமோ அவர் கணக்கில் வெறும் 20 ரூபாய்!

குற்றம் செய்து உள்ளே இருப்பவனுக்குக் கிடைத்த சோறு, வெளியே மாடாக உழைத்தவனுக்குக் கிடைக்கவில்லை. சர்க்காரின் விரலை எடுத்தே சர்க்காரின் கண்ணைக் குத்தினார் நவ்ரோஜி.

சுதந்திரம் வந்தது. கோடு போடுகிற வேலையும் நம் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. 1962-ல் திட்டக் கமிஷன் அமைத்த நிபுணர் குழு, ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு மாதம் 100 ரூபாய் போதும் என்றது. நகரம் என்றால் 125. கூடவே சத்தமில்லாமல் ஒரு நிபந்தனை... வைத்தியச் செலவும் படிப்புச் செலவும் இந்தக் கணக்கில் சேராது! ஏன்? ‘அதெல்லாம் அரசாங்கம் பார்த்துக்கும்.’

இந்த ஒரு வரியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

1979-ல் அலக் தலைமையிலான குழு கலோரியைக் கையில் எடுத்தது. கிராமத்தானுக்கு ஒரு நாளைக்கு 2400, நகரத்தானுக்கு 2100 கலோரி. எவ்வளவு செலவு செய்கிறவர்களுக்கு இந்தச் சாப்பாடு கிடைக்கிறது என்று பார்த்தார்கள். 1973-74 விலையில் கிராமத்துக்கு மாதம் 49 ரூபாய் 9 காசு, நகரத்துக்கு 56 ரூபாய் 64 காசு. பிறந்தது கோடு!

அப்புறம் விலை ஏற ஏற, அதே கோட்டை உயர்த்திக்கொண்டே போனார்கள். ஊருக்கு ஊர் தனியார் ஆஸ்பத்திரி வந்தது, இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வந்தது. ஏழையும் அங்கே காசு கட்டினான். ஆனால், ‘அரசாங்கம் பார்த்துக்கும்’ என்ற பழைய நம்பிக்கை மட்டும் கோட்டுக்குள் அப்படியே உட்கார்ந்திருந்தது.

இதனால் என்ன நஷ்டம் என்கிறீர்களா? 1997-ல் மத்திய அரசு ரேஷனை இரண்டாகப் பிரித்தது. கோட்டுக்குக் கீழே இருந்தால் மலிவு விலை. மேலே இருந்தால் கூடுதல் விலை. எந்த மாநிலத்துக்கு எத்தனை ஏழைக் குடும்பங்கள் என்பதையும் திட்டக் கமிஷனின் மதிப்பீடுதான் முடிவு செய்தது. தமிழ்நாடு தன் கைக்காசைப் போட்டு, எல்லோருக்கும் ரேஷன் என்பதைக் காப்பாற்றிக்கொண்டது. எல்லா மாநிலத்துக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை.

2009-ல் சுரேஷ் டெண்டுல்கர் குழு, வைத்தியத்தையும் படிப்பையும் கணக்கில் சேர்த்தது. அவ்வளவுதான்... 2004-05-ல் 28.3 சதவிகிதம் என்று சொல்லப்பட்ட கிராமத்து ஏழைகள், அதே வருஷத்துக்கே 41.8 சதவிகிதம் ஆகிவிட்டார்கள்! ராத்திரியோடு ராத்திரியாக யாரும் ஏழையாகிவிடவில்லை. அத்தனை வருஷமாக ஏட்டில் இல்லாதவர்கள் அவர்கள்.

அந்தப் புதுக் கோடாவது தாராளமானதா? 2011-ல் உச்ச நீதிமன்றத்தில் திட்டக் கமிஷன் தாக்கல் செய்த கணக்கு: நகரத்தில் நாளுக்கு 32 ரூபாய், கிராமத்தில் 26. சாப்பாடு, வைத்தியம், படிப்பு எல்லாம் இதற்குள்ளேயே! நாடே கொந்தளித்தது. 2014-ல் ரங்கராஜன் குழு நகரத்துக்கு 47, கிராமத்துக்கு 32 என்று உயர்த்தியது. 2011-12-க்கான ஏழைகள் 21.9 சதவிகிதத்திலிருந்து 29.5 ஆனார்கள். அரசு அதை ஏற்கவில்லை. அடுத்த சில மாதங்களில் திட்டக் கமிஷனே போய்விட்டது.

இனிமேல், ‘வறுமை இத்தனை சதவிகிதம் குறைந்தது’ என்று செய்தி படித்தால் கை தட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘அந்தக் கணக்கில் டாக்டர் ஃபீஸும் ஸ்கூல் ஃபீஸும் இருக்கா?’