பயோடேட்டாவில் சாதிக்கு என்ன வேலை?



வேலை தேடும் நம் பிள்ளைகள் சிலரின் பயோடேட்டாக்களை அண்மையில் புதுக்கோட்டையில் ஒன்றாக உட்கார்ந்து படித்தோம். பெரும்பாலானவை ஜெராக்ஸ் கடையில் ஒரே அச்சில் வார்த்தவை. பெயர், தந்தை பெயர், தந்தையின் தொழில், மதம், சாதி, நிரந்தர முகவரி என்று வரிசையாக இருந்தன. படிப்பு அதற்குப் பிறகுதான். என்ன வேலை தெரியும் என்பது கடைசியில் ஒரு வரி. சிலவற்றில் அதுவும் இல்லை. தனியார் கம்பெனிக்குப் போகிற தாளில் சாதியை எதற்கு எழுதினாய் என்று ஒரு தம்பியைக் கேட்டோம். "ஃபார்ம்ல இருந்துச்சுண்ணே, எழுதிட்டேன்" என்றார்.

அந்தக் கட்டம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால்தான், அதை எங்கே நிரப்ப வேண்டும், எங்கே விட வேண்டும் என்பது புரியும்.

அரசு விண்ணப்பத்தில் உள்ள சாதிக் கட்டம் போராடிப் பெற்றது. 1921இல் நீதிக்கட்சி அரசு வகுப்புவாரி உரிமைக்கான அரசாணையைப் போட்டது. 1943இல் அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் இருந்தபோது, மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 8.33 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. பிறகு அரசியலமைப்பின் 16(4) பிரிவு அதற்கு அடித்தளம் தந்தது. ஆகவே அரசு வேலைக்கு எழுதும்போது அந்தக் கட்டம் நம் உரிமை. சாதிச் சான்றிதழில் உள்ளபடி பிழையில்லாமல் நிரப்ப வேண்டும்.

தனியார் நிறுவனத்தில் இடஒதுக்கீடு கிடையாது. அங்கே அதே கட்டம் நமக்கு எதையும் பெற்றுத் தராது. நம்மை ஒதுக்கி வைக்க நினைப்பவருக்கு மட்டும் உதவும்.

இது வெறும் சந்தேகம் இல்லை. பொருளாதார அறிஞர் சுகதேவ் தோரட்டும் அமெரிக்கச் சமூகவியலாளர் பால் அட்டவெல்லும் ஓர் ஆய்வு செய்தார்கள். ஆங்கில நாளிதழ்களில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தகுதியில் வேறுபாடு இல்லாத விண்ணப்பங்களில் பெயரை மட்டும் மாற்றினார்கள். ஒன்றில் உயர்சாதி இந்துப் பெயர், ஒன்றில் தலித் பெயர், ஒன்றில் முஸ்லிம் பெயர். 2007இல் முடிவு வெளியானது. நேர்முகத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்குதான் இருந்தது. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. ஆளைப் பார்க்கவில்லை, பேசவில்லை. தாளை மட்டும் பார்த்தே இவ்வளவு.

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடும் வழக்கம் இல்லையே என்று கேட்கலாம். உண்மைதான். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. பலரும் விட்டார்கள். ஆனால் பெயரிலிருந்து போன சாதி முகவரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் குடிபோனது. முகவரியில் "காலனி" என்று இருந்தால் போதும். பள்ளியின் பெயரில் "ஆதிதிராவிடர் நல" என்று இருந்தால் போதும். பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் வேண்டாம் என்று நீதிபதி சந்துரு குழு 2024இல் பரிந்துரைத்ததும், அரசு ஆவணங்களிலிருந்து "காலனி" என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்ததும் இதனால்தான்.

தகுதியை விட்டுவிட்டுப் பிறப்பைப் படிப்பது நம் ஊருக்குப் புதிதல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் சேர முத்துலட்சுமி என்ற பெண் விண்ணப்பித்தார். தந்தை அதே கல்லூரியில் முதல்வராக இருந்தவர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். மெட்ரிகுலேஷன் தேறிய அந்தப் பெண்ணின் மதிப்பெண்ணை எதிர்ப்பாளர்கள் பார்க்கவில்லை. பெண் என்பதையும் தாயின் பிறப்பையும்தான் பார்த்தார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்ட பிறகே இடம் கிடைத்தது. 1912இல் அவர் மருத்துவப் பட்டம் பெற்றார். அவர்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவருக்கு ஒரு மன்னர் தலையிட்டார். நமக்காகத் தலையிட யாரும் வரப்போவதில்லை. நம் தாளை நாமே சரியாக எழுத வேண்டும்.

எப்படி எழுதுவது? மேலே பெயர், கைபேசி எண், மின்னஞ்சல், ஊர், மாவட்டம். அவ்வளவு போதும். தந்தை பெயர், மதம், சாதி, தெரு முகவரி வேண்டாம். அடுத்து, அந்த வேலைக்கு வேண்டிய எது நமக்குத் தெரியும் என்பது. பிறகு அனுபவம். அதற்குப் பிறகு படிப்பு. பள்ளியின் பெயரை மாற்றியோ திரித்தோ எழுதக் கூடாது. பொய் நம் வழி இல்லை, நாளைக்குச் சான்றிதழும் காட்ட வேண்டும். பட்டம் பெற்றவர்கள் பட்டப்படிப்பிலிருந்து தொடங்கினாலே போதும்.

"அனுபவம்னு எழுத ஒண்ணுமே இல்லையே" என்பதுதான் நம் பிள்ளைகளிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு. இங்கே அறிவொளியை நினைத்துப் பாருங்கள். 1991இல் இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம். கல் உடைத்த பெண்களும் வயலில் நடவு நட்ட பெண்களும் கைநாட்டை விட்டுக் கையெழுத்துக்கு வந்தார்கள், சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கற்றுக்கொடுத்தவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். வேலை முடித்து வந்தவர்களை இரவில் கூட்டி உட்கார வைப்பதும், பாடம் நடத்துவதும், பாதியில் நின்றவரை மீண்டும் அழைத்து வருவதும் சின்ன வேலையா? கம்பெனிகள் இதற்குத்தான் "பயிற்சி", "ஒருங்கிணைப்பு" என்று பெயர் வைத்துச் சம்பளம் கொடுக்கின்றன.

இன்று நீங்கள் செய்வதும் அதுதான். மாலை நேர வகுப்பு எடுத்திருக்கிறீர்கள். இல்லம் தேடிக் கல்வியில் பாடம் சொல்லியிருக்கிறீர்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதியிருக்கிறீர்கள். ஏப்ரல் 14 விழாவுக்கு வசூல் செய்து கணக்கு ஒப்படைத்திருக்கிறீர்கள். "சமூக சேவையில் ஆர்வம்" என்ற ஒற்றை வரியில் இதையெல்லாம் புதைக்காதீர்கள். எத்தனை பேருக்கு, எத்தனை மாதம், என்ன செய்தீர்கள், என்ன ஆனது என்று எண்ணோடு எழுதுங்கள்.

இது சாதியை மறைப்பதாகாதா என்று சிலர் கேட்டார்கள். ஆகாது. கேட்க உரிமை இல்லாதவனுக்குப் பதில் சொல்லாமல் இருப்பது மறைப்பு அல்ல. நம் அடையாளத்தை மேடையில் சொல்வோம், தெருவில் சொல்வோம், அரசு விண்ணப்பத்தில் உரிமையோடு எழுதுவோம்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். நல்ல பயோடேட்டா ஒருவரை நேர்முகம் வரை கொண்டுபோகும். அங்கே "குடும்பம் எப்படி, சொந்த ஊர் எது" என்று மறுபடி தொடங்குவார்கள். அதைத் தடுக்கத் தனியார் துறையிலும் இடஒதுக்கீடு வேண்டும். அந்தப் போராட்டத்துக்கு வாருங்கள். வரும்போது உங்கள் பயோடேட்டாவையும் எடுத்து வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து திருத்துவோம்.