அமெரிக்கக் கால்பந்து விதிகளின் வளர்ச்சி: 1880ஆம் ஆண்டு முடிவும் அதன் தொடர்விளைவுகளும்

அமெரிக்கக் கால்பந்து ரக்பியிலிருந்து கிளைத்த விளையாட்டு என்பது பலரும் அறிந்த செய்தி. தாய் விளையாட்டிலிருந்து அது இவ்வளவு தொலைவு விலகியதற்குத் தலைக்கவசத்தையும் பந்தை முன்னோக்கி எறியும் உரிமையையும் காரணங்களாகச் சுட்டுவது வழக்கம். ஆயினும் அவை இரண்டும் பின்னர் வந்து சேர்ந்தவை. ரக்பியில் பந்துடன் ஓடுபவர் பிடித்து வீழ்த்தப்பட்டதும் பந்துக்கு இரு அணியினரும் போட்டியிடலாம். அமெரிக்கக் கால்பந்தில் வீழ்த்தப்பட்ட பின்னும் பந்து அதே அணியிடமே இருக்கும். 1880ஆம் ஆண்டு வழங்கப்பட்ட இந்த உரிமையிலிருந்துதான் விலகல் தொடங்குகிறது. அதனால் விளைந்த தேக்கத்தையும் நெரிசலையும் காயங்களையும் சாவுகளையும் சமாளிக்க இயற்றப்பட்ட விதிகளே இவ்விளையாட்டின் பிற்கால வரலாற்றில் பெரும்பகுதியை நிரப்புகின்றன என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

1869 நவம்பர் 6 அன்று நியூ ஜெர்சி மாநிலத்தின் நியூ பிரன்ஸ்விக் நகரில் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் கல்லூரிகள் மோதிய ஆட்டமே முதல் கல்லூரிக் கால்பந்து ஆட்டமாகப் பதிவாகியுள்ளது. அணிக்கு 25 பேர் ஆடிய அந்த ஆட்டத்தில் பந்தைக் கையில் ஏந்தி ஓட இடமில்லை. ரட்கர்ஸ் 6-4 என வென்றது. இன்று உலகமெங்கும் ஆடப்படும் கால்பந்துக்கே அது நெருக்கமானது. பிற கல்லூரிகள் 1873இல் நியூ யார்க்கில் கூடி அவ்வகை விதிகளைத் தொகுத்தபோது, பந்தைக் கையில் எடுத்து ஓட இசைவளித்த தனது ‘பாஸ்டன் ஆட்ட’ முறையைக் கைவிட விரும்பாத ஹார்வர்டு அக்கூட்டத்தில் சேரவில்லை. தனித்து நின்ற ஹார்வர்டு 1874 மே மாதம் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்துடன் இரு ஆட்டங்கள் ஆடியது. அவற்றுள் இரண்டாவது ரக்பி விதிகளின்படி நடந்தது. புதிய முறை ஹார்வர்டு மாணவர்களுக்குப் பிடித்துப்போக, அடுத்த ஆண்டு யேலும் அதன்பால் ஈர்க்கப்பட்டது. 1876 நவம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் கூடிய கல்லூரிப் பிரதிநிதிகள் ரக்பி விதிகளைச் சிறு மாற்றங்களுடன் ஏற்றனர்.

அதே ஆண்டில் யேலில் மாணவராகச் சேர்ந்த வால்டர் கேம்ப், பின்னர் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் விதிக்குழுக்களில் செல்வாக்குடன் விளங்கியவர். ரக்பியின் ‘ஸ்க்ரம்’ முறையில் இரு அணியினரும் தோளோடு தோள் முட்டித் தள்ளும்போது பந்து எப்பக்கம் வெளிவரும் என்பதை முன்கூட்டிக் கூற இயலாது. இந்த உறுதியின்மை கேம்புக்கு உவப்பாக இல்லை. அவருடைய முயற்சியால் 1880இல் அணியின் அளவு 15இலிருந்து 11ஆகக் குறைந்தது. ஸ்க்ரம்மின் இடத்தை ‘ஸ்க்ரிமேஜ்’ பிடித்தது. பந்து கிடக்கும் இடத்தை ஒட்டிக் குறுக்கே ஒரு கற்பனைக் கோடு வரையப்பட்டதாகக் கொண்டு, அதன் இருபுறமும் அணிகள் எதிரெதிரே நிற்க, பந்தை உடைய அணியின் நடுவீரர் அதைத் தமக்குப் பின்னால் நிற்பவருக்குத் தள்ளி ஆட்டத்தைத் தொடங்குவதே ஸ்க்ரிமேஜ் ஆகும். பந்து யாரிடம் போகும் என்பது இனி உறுதி. முன்கூட்டியே வகுத்த திட்டத்தின்படி நகர்வுகளை அமைக்கும் வாய்ப்பு இதனால் பிறந்தது. இவ்விளையாட்டின் அறிவார்ந்த அழகு அனைத்தும் இந்த ஒரு மாற்றத்துக்குக் கடமைப்பட்டது என்றால் மிகையன்று.

ஆனால் பந்தை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்பதற்கு அந்த விதி எல்லை வகுக்கவில்லை. 1881இல் பிரின்ஸ்டனும் யேலும் மோதிய ஆட்டத்தில் ஒரு பாதி முழுவதும் ஓர் அணியும், மறுபாதி முழுவதும் மற்றோர் அணியும் பந்தை விடாமல் வைத்துக்கொண்டன; தோல்வியைத் தவிர்ப்பதற்கு அதுவே எளிய வழியாக இருந்தது. கோல் ஏதுமின்றி முடிந்த அந்த ஆட்டம் பார்வையாளர்களுக்குச் சினமூட்டியது. ஆகவே 1882இல், மூன்று முயற்சிகளில் 5 கெஜம் முன்னேறாத அணி பந்தை எதிரணியிடம் ஒப்படைக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. பந்து ஆட்டத்துக்கு வந்தது முதல் நிற்கும் வரையிலான ஒவ்வொரு முயற்சிக்கும் ‘டவுன்’ என்று பெயர். முன்னேறிய தொலைவை அளப்பதற்காகக் களத்தின் குறுக்கே 5 கெஜத்துக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு இடப்பட்டது.

புள்ளிக் கணக்கும் இக்காலத்தில்தான் உருவாகத் தொடங்கியது. 1883இல் பந்தை எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் கொண்டு சேர்க்கும் ‘டச் டவுன்’ 2 புள்ளிகளே பெற, களத்திலிருந்து கம்பங்களுக்கிடையே உதைக்கும் ‘ஃபீல்டு கோல்’ 5 புள்ளிகள் பெற்றது. படிப்படியாக இந்த மதிப்புகள் இடம் மாறி, 1909இல் ஃபீல்டு கோல் 3 புள்ளியாகவும் 1912இல் டச் டவுன் 6 புள்ளியாகவும் நிலைபெற்றன. காலின் திறனைவிட ஓட்டத்தின் திறனை உயர்வாக மதித்த ஒரு சமூகத்தின் தேர்வு இந்த எண்களில் பதிவாகியுள்ளது.

1888ஆம் ஆண்டுத் திருத்தங்கள் அளவில் சிறியவை, விளைவில் பெரியவை. இடுப்புக்குக் கீழே முழங்கால் வரை பிடித்து வீழ்த்தலாம் என்றும், பந்தை உடைய அணியின் முன்வரிசையினர் கைகளை நீட்டி எதிராளியைத் தடுக்கக் கூடாது என்றும் அவை கூறின. திறந்த வெளியில் தனித்து ஓடுபவரை வீழ்த்துவது எளிதானதால் அவ்வகை ஓட்டம் பயனற்றுப்போனது. கைகளை விரித்து இடைவெளி விட்டு நின்ற முன்வரிசையினர் தோளோடு தோள் நெருங்கி நிற்க வேண்டியதாயிற்று. மூன்று முயற்சிகளில் 5 கெஜம் போதும் என்ற நிலையில், பந்தை ஏந்தியவரைச் சூழ்ந்து பலர் ஒரே திரளாக எதிரணியின் ஒரு புள்ளியில் முட்டுவதே சிறந்த உத்தி என்று அணிகள் கண்டுகொண்டன. 1892இல் யேலுக்கு எதிராக ஹார்வர்டு களமிறக்கிய ‘பறக்கும் ஆப்பு’ இதன் உச்சம். சதுரங்கத்தில் ஈடுபாடு கொண்ட லாரின் டெலண்ட் வகுத்த இந்த வியூகத்தில், தொடக்க உதையின்போது இரு குழுக்கள் தொலைவிலிருந்து முழு வேகத்தில் ஓடிவந்து ஆப்பு வடிவில் இணைய, அதன் பின்னால் பந்துடன் ஒருவர் ஓடுவார்; நின்ற நிலையிலிருக்கும் எதிராளி மீது அந்த ஓட்டத்தின் முழு விசையும் இறங்கும். தொடக்க உதை 10 கெஜமாவது செல்ல வேண்டும் என்பது உள்ளிட்ட விதிகளால் இரண்டே ஆண்டுகளில் அது தடுக்கப்பட்டபோதிலும், திரளாக முட்டும் பழக்கம் வேறு வடிவங்களில் தொடர்ந்தது.

அப்பழக்கத்துக்குக் கொடுக்கப்பட்ட விலை 1905இல் நாட்டையே உலுக்கியது. அவ்வாண்டுப் பருவத்தில் குறைந்தது 18 பேர் ஆடுகளக் காயங்களால் உயிரிழந்தனர். அவர்களுள் பலர் பள்ளி வயதினர். அக்டோபரில் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்து ஆட்டத்தைத் தூய்மைப்படுத்துமாறு வற்புறுத்தினார். அவர் இவ்விளையாட்டின் அன்பர். அவருடைய மகன் அப்போது ஹார்வர்டின் முதலாண்டு மாணவர் அணியில் ஆடிவந்தார். நவம்பர் இறுதியில் நியூ யார்க் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஆடிய யூனியன் கல்லூரி வீரர் ஒருவர் இறந்தபின், அப்பல்கலைக்கழகத்தின் தலைவர் ஹென்றி மெக்ராக்கன் கல்லூரிகளின் மாநாட்டைக் கூட்டினார். கொலம்பியா ஆட்டத்தையே கைவிட்டது. ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் ரக்பிக்கு மாறின. டிசம்பர் 28 அன்று 62 கல்வி நிறுவனங்கள் கூடி அமைத்த சங்கமே 1910இல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் என்று பெயர் மாறி இன்றளவும் இயங்குகிறது.

1906ஆம் ஆண்டு விதிகளின் நோக்கம் உடல்களைப் பிரித்து வைப்பது. பந்தின் நீளத்தளவு இடைவெளி இரு முன்வரிசைகளுக்கும் நடுவே கட்டாயமாயிற்று. மூன்று டவுன்களில் கடக்க வேண்டிய தொலைவு 10 கெஜமாக இரட்டித்தது. பந்தை முன்னோக்கி எறியும் ‘ஃபார்வர்டு பாஸ்’ முதன்முறையாக அனுமதிக்கப்பட்டது. களத்தை அகலப்படுத்தும் யோசனையும் எழுந்தது. ஆனால் 1903இல் எழுப்பப்பட்ட ஹார்வர்டின் கான்கிரீட் அரங்கில் அதற்கு இடமில்லை. 10 கெஜ விதியை ஆதரித்த கேம்ப், பந்தை எறிவதை விரும்பவில்லை. அந்தத் தயக்கத்தின் தடம் விதியிலேயே இருக்கிறது: ஆட்டம் தொடங்கிய இடத்திலிருந்து பக்கவாட்டில் 5 கெஜமாவது விலகித்தான் பந்து கோட்டைக் கடக்க வேண்டும், எவர் மீதும் படாமல் தரையில் விழுந்தால் பந்து எதிரணிக்குப் போய்விடும். பக்கவாட்டுத் தொலைவை நடுவர் அறிவதற்காக நெடுக்குக் கோடுகளும் இடப்பட்டதால், சில ஆண்டுகள் ஆடுகளம் கட்டங்கள் நிறைந்த பலகையாகக் காட்சியளித்தது. இத்தகைய தண்டனைகள் சூழ்ந்திருக்க, துணிந்து எறிய முன்வந்த அணிகள் சிலவே. 1906 செப்டம்பர் 5 அன்று விஸ்கான்சின் மாநிலத்தின் வாகெஷா நகரில் கேரல் கல்லூரிக்கு எதிராகச் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தின் பிராட்பரி ராபின்சன் எறிந்ததே விதிக்குட்பட்ட முதல் எறிதல் எனக் கருதப்படுகிறது.

1906ஆம் ஆண்டு சீர்திருத்தமே ஆட்டத்தைக் காப்பாற்றியது என்று எழுதுவது மரபாகிவிட்டது. இக்கூற்று முழுமையானதன்று. 1909இல் சாவுகள் மீண்டும் பெருகின. ஹார்வர்டுடன் ஆடிய வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கல்லூரி வீரர் ஒருவர் இறந்தபின் அக்கல்லூரி அப்பருவத்தின் எஞ்சிய ஆட்டங்களைக் கைவிட்டது. திரள் முட்டலின் வேரை வெட்டியவை அடுத்த ஆண்டு விதிகளே. முன்வரிசைக் கோட்டில் ஏழு பேராவது நிற்க வேண்டும். பந்தை ஏந்தியவரைச் சக வீரர்கள் தள்ளவோ இழுக்கவோ கூடாது. ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு முன்னேறக் கூடாது. ஆட்டநேரமும் 15 நிமிடக் கால்பகுதிகள் நான்காகப் பகுக்கப்பட்டது. 1912இல் களத்தின் நீளம் 100 கெஜமாகக் குறைந்து இரு முனைகளிலும் 10 கெஜ இறுதிப் பகுதிகள் சேர்ந்தன. நான்காவது டவுன் வழங்கப்பட்டது. எறிதலுக்கு இருந்த 20 கெஜ வரம்பும் நீங்கியது. மறு ஆண்டே, வெஸ்ட் பாயின்ட்டில் கஸ் டோரே எறிய நியூட் ராக்னி முதலானோர் பிடிக்க, நோட்டர் டேம் 35-13 என இராணுவ அணியை வென்று, புதிய விதிகளுக்குள் உறங்கிய ஆற்றலை நாடறியச் செய்தது.

1920இல் ஒஹாயோ மாநிலத்தின் கான்டனில் தொடங்கி 1922இல் தேசியக் கால்பந்து லீக் எனப் பெயர் பெற்ற தொழில்முறை அமைப்பு, முதல் பத்தாண்டில் கல்லூரி விதிகளையே பின்பற்றியது. பிரிவுக்கு வித்திட்டது வானிலை. 1932 டிசம்பரில் சிகாகோ பேர்ஸுக்கும் போர்ட்ஸ்மத் ஸ்பார்டன்ஸுக்கும் இடையிலான முதலிடத்துக்கான ஆட்டம் கடுங்குளிரால் உள்ளரங்குக்கு மாற்றப்பட்டது. அங்குக் களம் 80 கெஜ நீளமே இருந்தது. பக்கக் கோடுகளை ஒட்டிச் சுவர் நின்றதால், ஓரத்தில் முடிந்த ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பின்னும் பந்தை உள்ளே நகர்த்தி வைத்தனர். இடர்ப்பாட்டுக்காகச் செய்த இந்த ஏற்பாடு ஆட்டத்துக்கு விறுவிறுப்பூட்டியதைக் கண்ட லீக், 1933இல் அதை நிலையான விதியாக்கியது. கோல் கம்பங்களைக் கோல் கோட்டுக்குக் கொண்டுவந்தது. முன்போல 5 கெஜம் பின்வாங்காமலே, ஸ்க்ரிமேஜ் கோட்டின் பின்னால் எங்கிருந்தும் எறியலாம் என்றது. மாற்றாட்களைத் தடையின்றி இறக்கும் உரிமை இரண்டாம் உலகப் போர்க்கால ஆள் பற்றாக்குறையால் நுழைந்து, லீக்கில் 1950இலும் கல்லூரிகளில் 1960களின் நடுவிலும் நிலைத்தது. தாக்குதலுக்கும் தடுப்புக்கும் தனித்தனி வீரர்கள் என்ற இன்றைய அமைப்பு அதன் விளைவு.

தலைக்கவசத்தின் கதை பாதுகாப்பு விதிகள் எதிர்பாராத வழியில் திரும்பக்கூடும் என்பதற்குச் சான்று. கல்லூரிகளில் 1939இலும் லீக்கில் 1943இலும் அது கட்டாயமாயிற்று. தோலின் இடத்தைக் கடினமான பிளாஸ்டிக் பிடித்து, முகக்கம்பியும் சேர்ந்த பின், தலையை முன்னிறுத்தி மோதும் துணிவு வீரர்களுக்கு வந்தது. பயிற்சியாளர்களும் அதைக் கற்பித்தனர். மண்டையைக் காத்த கருவியால் கழுத்தெலும்பு முறிந்தது. 1968இல் மட்டும் ஆட்டக் காயங்களால் 36 பேர் இறந்தனர். எலும்பியல் மருத்துவர் ஜோசப் டார்க் கழுத்துக் காயங்களைத் தொகுத்து ஆராய்ந்தார். 1976இல் கல்லூரி, பள்ளி விதிகள் தலையால் முதலில் மோதுவதைத் தடைசெய்தன. கைகால் நான்கும் செயலிழக்கும் காயங்கள் அதன்பின் விரைந்து குறைந்தன. 1990இல் நேரடி ஆட்டக் காயத்தால் ஒருவரும் இறக்கவில்லை. விதி ஒன்று உயிர்களைக் காத்ததற்கு இவ்வரலாற்றில் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. அதற்குரிய புகழ் இன்றும் அதற்குக் கிடைக்கவில்லை.

1977இல் லீக்கில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் எடுத்த சராசரிப் புள்ளிகள் 17.2ஆகச் சரிந்தன. தடுப்பு ஓங்கிவிட்டதை உணர்ந்த லீக், மறு ஆண்டு இரு மாற்றங்களைச் செய்தது. பந்தைப் பிடிக்க ஓடுபவரை ஸ்க்ரிமேஜ் கோட்டிலிருந்து 5 கெஜத்துக்கு அப்பால் தடுப்பாளர் தொடக் கூடாது. எறிபவரைக் காக்கும் முன்வரிசையினர் கைகளை நீட்டி, உள்ளங்கைகளை விரித்துத் தடுக்கலாம். இவற்றுள் இரண்டாவது, 1888ஆம் ஆண்டுத் தடையைத் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் நீக்கிய விதி. கைகளை மடக்கவைத்தது திரள் ஆட்டத்தை வளர்த்தது என்றால், அவற்றை மீண்டும் நீட்டவிட்டது எறிதல் ஆட்டத்தை வளர்த்தது.

அண்மைக்கால மாற்றங்களிலும் பழைய சிக்கல்களே திரும்பி வருகின்றன. தொடக்க உதையைத் திருப்பிக் கொண்டுவரும்போது மூவரோ அதற்கு மேற்பட்டோரோ ஆப்பு வடிவில் இணைந்து தடுப்பதை லீக் 2009இல்தான் தடைசெய்தது. 2024இல் தொடக்க உதையின் அமைப்பே மாற்றப்பட்டது: உதைப்பவர் மட்டும் தமது 35ஆம் கெஜக் கோட்டில் நிற்க, அவருடைய அணியின் ஏனைய பத்துப் பேரும் எதிரணியின் 40ஆம் கெஜக் கோட்டுக்கு முன்னேறி நிற்பர், பந்து தரையையோ ஆளையோ தொடும்வரை அவர்கள் அசையக் கூடாது. எதிரெதிரே நெடுந்தொலைவு ஓடிவந்து மோதும் விசையைக் குறைப்பதே இதன் குறிக்கோள். டெலண்டின் வியூகம் ஆபத்தானதும் அதே விசையால்தான்.

1910இல் விலக்கப்பட்ட தள்ளலோ மீண்டும் உள்ளே வந்துவிட்டது. பந்தை ஏந்தியவரைப் பின்னாலிருந்து தள்ளுவதற்கிருந்த தடையை லீக் இந்நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் நீக்கியது. இழுப்பதற்கான தடை மட்டும் எஞ்சியது. இதைப் பயன்படுத்தி, ஒரு கெஜமோ அதற்குக் குறைவோ தேவைப்படும் வேளையில், ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கைச் சக வீரர்கள் பின்னின்று தள்ளி முன்னேற்றும் உத்தியை ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் 2022 முதல் தேர்ச்சியுடன் கையாள்கிறது. அதைத் தடைசெய்யக் கிரீன் பே பேக்கர்ஸ் கொணர்ந்த முன்மொழிவு 2025 மே மாதம் வாக்கெடுப்புக்கு வந்தபோது, 32 அணிகளுள் 22 ஆதரித்தன, தேவைப்பட்டவை 24. அந்த உத்தி காயம் விளைவிப்பதற்குப் போதிய சான்று இல்லை என்பது உத்தியை ஆதரித்தோரின் வாதம். சான்று சேரும்வரை காத்திருத்தல் தகாது என்பது உத்தியை எதிர்த்தோரின் வாதம். 1905இல் பதினெட்டுச் சாவுகளுக்குப் பின்னரே விதிக்குழு அசைந்தது என்பதை நினைக்கும்போது, இரண்டாவது வாதத்துக்கே வரலாற்றின் வலு மிகுதி.