முதுமைச் செவியும் முதிர்ந்த இசையும்

வயது ஏற ஏற உடலின் உறுப்புகள் தளர்வது இயற்கை. நாற்பதைத் தாண்டியவர் செய்தித்தாளைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் படிக்கிறார். அறுபதைத் தாண்டியவருக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இதனால் எழுத்தரோ கடைக்காரரோ தம் தொழிலை விட்டுவிடுவதில்லை. மூக்குக் கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடர்கின்றனர். இசைக் கலைஞரின் நிலை அவ்வளவு எளிதன்று. அவருக்குச் செவி நுட்பமாக இருக்கவேண்டும். விரல்கள் விரைவாக ஓடவேண்டும். பல மணி நேரத்துக்கான இசை நினைவில் நிற்கவேண்டும். முதுமை கைவைப்பதோ இந்த மூன்றின் மீதும்தான்.

அப்படியானால் எண்பது வயதில் ஒருவர் எவ்வாறு மேடை ஏறுகிறார்? அவர் காதில் விழுவது சரியான சுரந்தானா? ஓடாத விரல்களை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்கிறார்? இவற்றுக்கு விடை காண அறிவியலுக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த வரலாற்றைச் சற்றுக் காண்போம்.

கால்ட்டனின் ஊதல்

முதுமையில் காதுக்கு என்ன நேர்கிறது என்பதை அளக்க முயன்றவர்களில் முன்னோடி, இங்கிலாந்தைச் சேர்ந்த பிரான்சிஸ் கால்ட்டன். இவர் சார்லஸ் டார்வினின் உறவினர். 1876இல் இவர் சிறிய பித்தளை ஊதல் ஒன்றை அமைத்தார். அதன் திருகைத் திருகினால் குழலின் நீளம் குறையும். குழலின் நீளம் குறையக் குறைய ஒலியின் அதிர்வெண் உயரும் என்பதைப் பள்ளியில் நீங்கள் படித்திருப்பீர்கள். இவ்வாறு மனிதக் காதின் எல்லை வரை ஒலியை உயர்த்திக்கொண்டே போகலாம். ஊதலைக் கைத்தடியின் நுனியில் பொருத்திக்கொண்டு விலங்குக் காட்சிச்சாலைக்குச் சென்று விலங்குகளின் செவியையும் அவர் சோதித்தார்.

பல வயதினர் கூடியிருக்கும் இடங்களில் இந்த ஊதலை ஊதிக் காட்டுவது கால்ட்டனுக்கு ஒரு வேடிக்கை. இளைஞர்கள் தெளிவாகக் கேட்ட ஒலி முதியோருக்குக் கேட்கவே இல்லை. தம் காதில் குறை உண்டு என்பதை அவர்கள் அதுவரை அறியாதிருந்தனர் என்பதுதான் வியப்பு. உயர் அதிர்வெண்களைக் கேட்கும் திறன் வயதோடு குறைகிறது என்றும், குறைவது உரியவருக்கே தெரிவதில்லை என்றும் 1883இல் வெளியான தம் நூலில் அவர் எழுதினார்.

இச்சோதனையை இன்று எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் செய்து பார்க்கலாம். ஒலி அலையியற்றியை 16,000 ஹெர்ட்ஸுக்குத் திருப்பினால் முன்வரிசை மாணவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். ஓய்வு பெறும் வயதை எட்டிய பேராசிரியர் கருவி பழுதோ என்று கேட்பார்.

இதனால் இசைக்கு என்ன இழப்பு? பியானோவின் மிக உயர்ந்த சுரத்தின் அதிர்வெண் சுமார் 4,186 ஹெர்ட்ஸ்தான். ஆகவே 12,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காதவர் எந்தச் சுரத்தையும் இழந்துவிடுவதில்லை. அவர் இழப்பது மேற்சுரங்களை. ஒரே சுரத்தை வயலினிலும் புல்லாங்குழலிலும் வாசித்தால் வேறுபாடு தெரிவது இம்மேற்சுரங்களால் அன்றோ? அவை மங்கும்போது இசையின் பளபளப்பு குறைகிறது. பழைய வண்ணப்படம் வெளிறுவது போல என்று கொள்ளலாம்.

ஃபோரேயின் துன்பம்

பளபளப்பு குறைவதைக் கலைஞர் பொறுத்துக்கொள்ளலாம். சுரமே மாறிக் கேட்டால்?

பிரெஞ்சு இசையமைப்பாளர் கேப்ரியேல் ஃபோரே 1845இல் பிறந்தவர். 1905இல் பாரிஸ் இசைக் கல்லூரியின் தலைவராகப் பொறுப்பேற்றார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, ஐம்பதுகளின் இறுதியில், அவருடைய செவி கெடத் தொடங்கியிருந்தது. ஒலி மங்கியதோடு துன்பம் நிற்கவில்லை. உயர்ந்த சுரங்கள் உள்ளதைவிடத் தாழ்ந்தும், தாழ்ந்த சுரங்கள் உள்ளதைவிட உயர்ந்தும் கேட்டன. நடுப்பகுதி மட்டுமே ஓரளவு சரியாக இருந்தது. தாம் எழுதிய இசையைப் பிறர் வாசிக்க, அவர் காதில் விழுந்தது ஒரே அபசுரம். இசைக் கல்லூரித் தலைவருக்கு இதைவிடக் கொடிய சோதனை வேண்டுமா? இயன்றவரை அதை மறைத்து வைத்து, 1920 வரை அப்பதவியில் இருந்தார்.

ஆயினும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. நான்கு தந்திக் கருவிகளுக்கான தம் கடைசிப் படைப்பை 1924இல், 79ஆம் வயதில் முடித்தார். அவ்வாண்டு நவம்பரில் காலமானார். அப்படைப்பு வாசிக்கப்பட்டதை அவர் கேட்கவே இல்லை. வெளிச்செவி பொய் சொன்னபோதும் மனத்தின் செவி அவருக்கு மெய்யே சொல்லிற்று எனலாம்.

நத்தைச் சுருளுக்குள்

இந்தக் கோளாறு எங்கே நிகழ்கிறது என்பதை உணர வழி செய்தவர் ஓர் இயற்பியலாளர். புடாபெஸ்டில் 1899இல் பிறந்த கியார்க் ஃபான் பெக்கேஷி, ஹங்கேரியில் தொலைபேசி ஆய்வகத்தில் பணியாற்றியவர். நல்ல தொலைபேசி செய்யவேண்டுமானால் காது எவ்வாறு வேலை செய்கிறது என்று தெரியவேண்டும் அல்லவா? எனவே இறந்தோரின் உட்செவியை எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தார்.

உட்செவியில் நத்தை ஓடு போலச் சுருண்ட காக்ளியா என்ற உறுப்பு உள்ளது. அதை நீட்டினால் சுமார் 35 மில்லிமீட்டர் இருக்கும். அதனுள் ஒரு சவ்வு முழு நீளத்துக்கும் ஓடுகிறது. சவ்வின் தொடக்கம் குறுகி விறைப்பாகவும், முடிவு அகன்று தளர்ந்தும் இருக்கும். ஒலி நுழைந்ததும் சவ்வின் மீது ஓர் அலை ஓடுகிறது. உயர் அதிர்வெண் ஒலியாயின் அலை தொடக்கத்திலேயே உச்சம் அடைந்து அடங்கிவிடும். தாழ் அதிர்வெண் ஒலியாயின் முடிவு வரை சென்று உச்சம் அடையும். ஆக, ஒவ்வொரு சுரத்துக்கும் சவ்வில் ஓர் இடம் உண்டு. அந்த இடத்திலுள்ள மயிரிழைச் செல்கள் நரம்பின் வழியே மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. இக்கண்டுபிடிப்புக்காக 1961இல் பெக்கேஷிக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

கால்ட்டன் கண்டதற்கு இப்போது பொருள் விளங்குகிறது. வயதாகும்போது முதலில் அழிபவை சவ்வின் தொடக்கத்திலுள்ள மயிரிழைச் செல்கள். மனிதர்களிடம் இவை ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை ஆன கதை

சிலருக்கு ஓர் அரிய திறன் உண்டு. எந்தச் சுரத்தைக் கேட்டாலும், வேறொன்றோடு ஒப்பிடாமலே அதன் பெயரைச் சொல்லிவிடுவர். இதனைச் சுருதி நினைவு எனலாம். உளவியலாளர் பிலிப் வெர்னன் அத்தகையவர். தம் சொந்த அனுபவத்தையே ஆய்வுப் பொருளாக்கி 1977இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 52ஆம் வயதில் கேட்பதெல்லாம் அரைச்சுரம் உயர்ந்திருப்பதாக அவருக்குத் தோன்றிற்று. 71ஆம் வயதில் அது இரண்டு அரைச்சுரமாக வளர்ந்திருந்தது.

நம் வழக்கில் சொன்னால், ஆர்மோனியத்தில் ஒரு கட்டையில் வாசித்தது அவருக்கு முதலில் ஒன்றரைக் கட்டையாகவும், பின்னர் இரண்டு கட்டையாகவும் கேட்டது. ஒரு கட்டையின் அதிர்வெண் சுமார் 262 ஹெர்ட்ஸ். ஒன்றரைக் கட்டை 277. இரண்டு கட்டை 294. ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழ 6 சதவீத உயர்வு.

இதற்குப் பலரும் கூறும் விளக்கம் எளியது. வயதினால் உட்செவிச் சவ்வின் விறைப்பு மாறுகிறது. முன்பு ஒன்றரைக் கட்டைக்கு உரியதாய் இருந்த இடத்தை இப்போது ஒரு கட்டை ஒலி அசைக்கிறது. மூளையோ இளமையில் வரைந்த பழைய வரைபடத்தை வைத்தே படிக்கிறது. தெருவின் பெயர்ப்பலகைகளை ஒரு வீடு தள்ளி மாற்றி நட்டால் தபால்காரர் திணறுவாரே, அதுபோல. இவ்விளக்கம் இன்னும் கருதுகோள் நிலையிலேயே உள்ளது.

எல்லாச் சுரமும் ஒரே விகிதத்தில் நகர்ந்தால், சுரங்களுக்கு இடையேயுள்ள உறவு கெடுவதில்லை. நம் கருநாடக இசையில் சட்ஜம் பாடுவோரின் குரலுக்கு ஏற்ப வைக்கப்படுவது. மற்றச் சுரங்கள் அதைச் சார்ந்தே நிற்கின்றன. ஆகவே இப்படிப்பட்ட நகர்வை நம் பாடகர் பலர் உணராமலே இருக்கக்கூடும். பியானோக் கலைஞரின் கதை வேறு. அவருக்கு ஒவ்வொரு கட்டையும் ஒரு பெயர். ஒவ்வொரு பெயரும் மாறாத ஓர் ஒலி.

ரிக்டரின் விளக்கு

1915இல் பிறந்த ரஷ்யப் பியானோ மேதை ஸ்வியாத்தொஸ்லாவ் ரிக்டருக்கு நேர்ந்தது இதுவே. முதுமை நெருங்கியபோது சுரங்கள் உயர்ந்து கேட்கத் தொடங்கின. விரல் ஒரு கட்டையை அழுத்துகிறது. காது வேறு கட்டையின் பெயரைச் சொல்கிறது. காதை நம்பினால் விரல் தடுமாறும். மனப்பாடமாக வாசிக்கும் ஒருவருக்கு இது காலடித் தரை நகர்வது போன்றது.

ரிக்டர் என்ன செய்தார்? நினைவிலிருந்து வாசிப்பதை விட்டுவிட்டு, இசைக்குறிப்பைக் கண்முன் வைத்துக்கொண்டார். அரங்கை இருளாக்கி, தாளின் மீது மட்டும் ஒரு சிறு விளக்கை எரியவிட்டார். காது தந்த பொய்ச் செய்தியைக் கண் திருத்திற்று. எழுதியதை எழுதியபடியே வாசிப்பதுதான் நேர்மை என்றும், கேட்போர் தம் முகத்தைப் பாராமல் இசையைக் கேட்கட்டும் என்றும் அவர் கருதினார். இம்முறையைக் கைக்கொண்ட பிறகுதான், 1986இல், 71ஆம் வயதில், ஆறு மாதம் சைபீரியாவில் சுற்றுப்பயணம் செய்தார். கச்சேரி அரங்கு இல்லாத சிறு ஊர்களிலும் வாசித்தார். 1995 வரை மேடையை விடவில்லை.

விரல்களின் கணக்கு

செவியைப் போலவே விரலும் தளர்கிறது. இதற்கு ஆர்தர் ரூபின்ஸ்டைன் கண்ட வழி புகழ்பெற்றது. 1887இல் போலந்தில் பிறந்த இவர் எண்பது வயதிலும் அரங்கம் நிறைய வாசித்தவர். அவர் கூறிய மூன்று உத்திகளை ஜெர்மானிய உளவியலாளர் பவுல் பால்ட்டஸ் எடுத்துக்காட்டினார். முதலாவது, வாசிக்கும் உருப்படிகளைக் குறைத்துக்கொண்டார். இரண்டாவது, அந்தச் சிலவற்றை முன்னிலும் மிகுதியாகப் பயிற்சி செய்தார். மூன்றாவதுதான் சுவையானது. விரைவான பகுதி வருமுன் வேகத்தைச் சற்றுக் குறைத்தார். அதனால் பின்வரும் பகுதி உள்ளதைவிட விரைவாகத் தோன்றிற்று. கடைத்தெரு நெரிசலில் ஊர்ந்து வந்த பேருந்து வெளிச்சாலையில் 40 கிலோமீட்டர் வேகம் எடுத்தாலே பறப்பது போல் தோன்றுகிறதல்லவா? 1990இல் பால்ட்டஸ் தம் மனைவியோடு சேர்ந்து, முதுமையை நன்கு கழிக்கும் வழிக்கே இம்மூன்றையும் ஒரு கோட்பாடாக வகுத்தார்: தேர்ந்துகொள், செப்பம் செய், ஈடுசெய்.

1996இல் ரால்ஃப் கிராம்பே, ஆண்டர்ஸ் எரிக்சன் என்ற இருவர், இளையோரும் முதியோருமான பியானோக் கலைஞர்களைச் சோதித்தனர். இசைக்குத் தொடர்பில்லாத விரைவுச் சோதனைகளில், தேர்ந்த கலைஞராயினும் பொழுதுபோக்காக வாசிப்பவராயினும், முதியோர் பின்தங்கினர். முதுமை ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் பியானோ விரலோட்டத்தில் தேர்ந்த முதியோர் இளையோருக்கு அருகிலேயே நின்றனர். யார் திறனை மிகுதியாகக் காத்துக்கொண்டார் என்பதை, முந்தைய பத்தாண்டுகளில் அவர் செய்த பயிற்சியே காட்டிற்று. இளமையில் சேர்த்த திறன் வங்கியில் போட்ட வைப்புத்தொகை போன்றதன்று. நாள்தோறும் நீர் ஊற்றவேண்டிய செடி போன்றது.

செவியைப் பற்றியும் இதே முடிவு கிடைத்தது. கனடாவின் பெஞ்சமின் ஸெண்டெல், கிளாட் அலைன் ஆகியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், மெல்லிய ஒலியைக் கேட்கும் திறன் இசைக் கலைஞர்க்கும் மற்றவர்க்கும் வயதோடு ஒன்றுபோலவே குறைந்தது. ஆனால் இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிரித்தறிவதில் 70 வயது இசைக் கலைஞர், இசை பயிலாத 50 வயதினருக்கு நிகராக இருந்தார். உட்செவி எல்லார்க்கும் மூப்படைகிறது. கேட்டதைப் பொருள்படுத்தும் மூளையோ பயிற்சியால் நெடுநாள் கூர்மையோடு இருக்கிறது.

எது வரை வாசிப்பது?

இனி ஊக்கத்தைப் பற்றி ஒரு சொல். செல்லோ மேதை பாப்லோ கசால்ஸ் 1876இல் பிறந்து 96 வயது வாழ்ந்தவர். அவரது 90ஆம் பிறந்தநாளுக்குச் சில வாரங்கள் முன்னர், அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர் நார்மன் கசின்ஸ் அவர் வீட்டுக்குச் சென்றிருந்தார். காலையில் கூனிய முதுகும் வீங்கி மடங்கிய விரல்களுமாகக் கசால்ஸ் வந்தார். நேரே பியானோவின் முன் அமர்ந்து பாக்கின் இசையை வாசிக்கத் தொடங்கினார். மெல்ல மெல்ல விரல்கள் பிரிந்தன, முதுகு நிமிர்ந்தது, மூச்சும் சீரானது என்று கசின்ஸ் 1979இல் வெளியான நூலில் எழுதினார். ஒரு காலைக் காட்சியை வைத்து அறிவியல் விதி வகுக்க முடியாது. ஆயினும் நாள்தோறும் பியானோவில் பாக்கை வாசித்தே பொழுதைத் தொடங்குவது கசால்ஸின் பல்லாண்டு வழக்கம் என்பதை நினைவில் கொள்ளவேண்டும். மேடையில் புகழ் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவர் வாசித்திருப்பார்.

எல்லா இழப்புக்கும் ஈடு உண்டு என்று கூறவும் இயலாது. கண்பார்வை மங்கியதால் ரூபின்ஸ்டைன் 1976இல், 89ஆம் வயதில், மேடையை விட்டு விலகினார். ஃபோரே வாசிப்பைக் கேட்பதை இழந்தார், எழுதுவதை இழக்கவில்லை. எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்பதை அவரவரே முடிவு செய்தனர்.

வாசகர்களே, உங்களில் இளையோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒலிபெருக்கியின் அருகே மணிக்கணக்கில் நிற்காதீர்கள். காதில் பொருத்தும் கருவியின் ஒலியை அளவோடு வையுங்கள். அழிந்த மயிரிழைச் செல் திரும்ப வராது. உங்கள் வீட்டில், காது மந்தமாயிற்று, விரல் ஓடவில்லை என்று வயலினைப் பெட்டியில் வைத்து மூடிவிட்ட பெரியவர் இருக்கலாம். அவரை மீண்டும் எடுக்கச் சொல்லுங்கள். பெரிய உருப்படி வேண்டாம், சிறியது போதும். துரித காலம் வேண்டாம், விளம்பம் போதும். ஆனால் நாள்தோறும் கொஞ்சம் வாசிக்கட்டும். ரூபின்ஸ்டைன் செய்ததும் அதுதான்.