பல சேனல் ஏ-டி கன்வெர்ட்டர்: இணைப்பும் பழுதறிதலும்

பல சேனல் ஏ-டி கன்வெர்ட்டர் என்பது, மைக்குகளிலிருந்து வரும் மெல்லிய மின்னலைகளை ப்ரீஆம்ப் மூலம் பெருக்கி, எண்களாக மாற்றிக் கணினிக்கு அனுப்பும் ஒலிப்பதிவுக் கருவி. 8 சேனல் கொண்ட வகையே பரவலானது. அது ஆடியோ இன்டர்ஃபேஸோடு ஆப்டிகல் கேபிளால் இணைகிறது. ஏடேட் எனப்படும் இவ்விணைப்பு, அலெசிஸ் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் வெளியிட்ட 8 டிராக் பதிவுக் கருவியிலிருந்து வந்தது. 48 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில், அதாவது நொடிக்கு 48,000 சாம்பிள்கள் (அளவீடுகள்) எடுக்கும்போது, ஒரு கேபிள் 8 சேனல்களைச் சுமக்கும்; 96 கிலோஹெர்ட்ஸில் 4 சேனல்களை மட்டுமே. சாம்பிள் ரேட்டை உயர்த்தியதும் பாதிச் சேனல்கள் காணாமல் போவது பழுதல்ல, முறையின் இயல்பு.

இந்த அமைப்பில் வரும் கோளாறுகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது, சாம்பிள்களின் நேரத்தை நிர்ணயிக்கும் கிளாக்கைத்தான். இரு கருவிகளும் தத்தம் படிகத்தைக் கொண்டு நொடியை அளந்தால், 48,000 என்ற எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றாக இராது. பத்து லட்சத்தில் 20 பங்கு வேறுபாடே நொடிக்கு ஏறத்தாழ ஒரு சாம்பிளைத் தொலைக்கவோ இரட்டிக்கவோ போதும். அதுவே 'டிக்' என்ற ஒலியாகக் கேட்கிறது. அமைதியான பதிவில் இது ஒளிந்துகொள்ளும். ஆகவே ஒரே சீரான சுரத்தை எல்லாச் சேனல்களுக்கும் செலுத்திப் பதிவுசெய்து பார்க்க வேண்டும். எட்டிலும் ஒரே கணத்தில் 'டிக்' விழுந்தால் கிளாக்தான் காரணமாக இருக்கும். ஒரு சேனலில் மட்டும் விழுந்தால் அந்த மைக், கேபிள் அல்லது ப்ரீஆம்பைச் சோதிக்கலாம். தீர்வு எளிது: ஒரு கருவியை மாஸ்டராக வைத்து, மற்றதை ஆப்டிகல் வழியாகவோ வேர்ட் கிளாக் கேபிள் வழியாகவோ அதைப் பின்பற்றச் செய்வது.

'லாக்' விளக்கு எரிகிறதே, பிறகென்ன என்று கேட்கலாம். சில கருவிகளில் அவ்விளக்கு சிக்னல் வந்து சேர்வதை மட்டுமே காட்டும். இரு கிளாக்கும் ஒத்துப்போவதை உறுதி செய்யாது. தனியாக விலையுயர்ந்த மாஸ்டர் கிளாக் வாங்கினால் ஒலித்தரம் கூடும் என்ற வாதமும் உண்டு. ஆனால் வெளியிலிருந்து வரும் கிளாக்கைக் கருவி தனக்குள் மீட்டெடுத்தாக வேண்டும். நன்கு வடிவமைத்த கன்வெர்ட்டரில் அருகிலேயே உள்ள படிகம் அதைவிடத் தூய்மையாக இயங்க முடியும். வெளிக் கிளாக்கின் உண்மையான பயன் பல கருவிகளை ஒருங்கிணைப்பதே. சாம்பிள் ரேட் கன்வெர்ட்டர் கொண்ட உள்ளீடுகளுக்கு கிளாக் ஒத்துப்போகாத சிக்கல் இல்லை என்பது உண்மை. ஆனால் ஏடேட் உள்ளீடுகள் பலவற்றில் அது கிடையாது.

கிளாக் சரியான பின்னும் இரைச்சல் இருந்தால் கெயின் குமிழைத் திருப்பிப் பார்க்கலாம். இரைச்சல் அதோடு கூடிக் குறைந்தால் பிழை ப்ரீஆம்புக்குள்ளோ அதற்கு முன்போ உள்ளது. மாறாதிருந்தால் அதற்குப் பின். கேபிளையும் கருவியையும் மாற்றிச் செலவழிக்குமுன் இந்த வரிசையில் சோதித்தால், எதை மாற்ற வேண்டும் என்பது தெரிந்துவிடும். பல நேரங்களில் மாற்ற வேண்டியது ஓர் அமைப்பை மட்டுமே.