பெட்டியின் மேல் ஓர் எண்

காத்திருப்பதில் பல தினுசு உண்டு. ரயிலுக்குக் காத்திருப்பவன் தண்டவாளத்தைப் பார்த்துக் கொண்டிருக்கிறான். தபாலுக்குக் காத்திருப்பவன் வாசலைப் பார்த்துக் கொண்டிருக்கிறான். முன்பணம் கட்டிவிட்டுப் புது லாப்டாப்புக்குக் காத்திருப்பவனோ எண்களைப் பார்த்துக் கொண்டிருக்கிறான்.

பெட்டி வந்து சேரப் பத்து நாள் ஆகும் என்கிறார்கள். அதற்குள் இரண்டு நாள் வரையில் பிராசஸரை மாற்றிக் கேட்கலாம் என்றும் சொல்லி வைக்கிறார்கள். அங்கேதான் வினை. ஐ-5 போதுமா, ஐ-7 வேண்டுமா? 15 வாட்டா, 45 வாட்டா? பக்கத்து வீட்டுப் பையன் ஒன்று சொல்கிறான், மைத்துனர் வேறொன்று சொல்கிறார், கடைக்காரரோ, "இன்னும் கொஞ்சம் போட்டீர்களானால் பெரிய நம்பரே வாங்கிவிடலாம், ஸார்!" என்கிறார். அந்த 'இன்னும் கொஞ்சம்' பல ஆயிரம் ரூபாய். பெண்ணுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டிய கையோடு லாப்டாப்பும் வாங்குகிற குடும்பத்துக்கு அது லேசான தொகையல்ல.

ஆகவே, அந்த எண்கள் எங்கிருந்து வந்தன, யார் அவற்றைப் பெட்டியின் மேல் ஒட்டினார்கள் என்று விசாரித்துப் பார்ப்பது வீண்வேலை ஆகாது. இந்த எண்களுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. ராஜ வம்சங்களின் சரித்திரத்தைப் போலவே அதிலும் போட்டி உண்டு, வழக்கு உண்டு, மண்டியிட்ட காட்சியும் உண்டு.

முதலில் ஒரு சிறு விளக்கம். பிராசஸர் என்பது விரல் நகம் அளவுள்ள சிலிக்கன் துண்டு. அதற்குள் ஓயாமல் ஒரு தாளம் போடப்படுகிறது. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சிறு காரியம் நடக்கும். வினாடிக்குப் பத்து லட்சம் தட்டு விழுந்தால் அதற்கு 1 மெகாஹெர்ட்ஸ் என்று பெயர். நூறு கோடி தட்டு விழுந்தால் 1 கிகாஹெர்ட்ஸ். இந்தத் தாளக் கணக்குத்தான் முப்பது வருஷ காலம் கம்ப்யூட்டர் உலகத்தை ஆட்டி வைத்தது.

கதை ஜப்பானில் ஆரம்பமாகிறது. 1969-ஆம் வருஷம், பிஸிகாம் என்ற கால்குலேட்டர் கம்பெனி, தன் யந்திரத்துக்கு வேண்டிய சில்லுகளைச் செய்து தரும்படி அமெரிக்காவில் அப்போதுதான் ஒரு வயது நிரம்பியிருந்த இன்டெல் கம்பெனியைக் கேட்டது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனிச் சில்லு என்பது பிஸிகாமின் திட்டம். இன்டெலில் இருந்த டெட் ஹாஃப் என்பவர், "இத்தனை சில்லு எதற்கு? சொன்ன வேலையெல்லாம் செய்யக்கூடிய பொதுச் சில்லு ஒன்று போதாதா?" என்ற யோசனையைச் சொன்னார். யோசனை நல்லதுதான். ஆனால் அதை உருவாக்க ஆள் இல்லை. மறு வருஷம் ஏப்ரலில், பிஸிகாமின் இளம் எஞ்ஜினீயர் மசதோஷி ஷிமா, வேலை எவ்வளவு தூரம் முடிந்திருக்கிறது என்று பார்வையிட ஜப்பானிலிருந்து வந்து இறங்கினார். வேலை ஆரம்பமே ஆகவில்லை! அவருடைய கோபத்தை எதிர்கொண்டவர் அப்போதுதான் உத்தியோகத்தில் சேர்ந்திருந்த ஃபெடரிக்கோ ஃபாஜின் என்ற இத்தாலியர். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. கோபம் தணிந்த பிறகு இருவரும் சேர்ந்து உட்கார்ந்து இரவு பகலாக உழைத்தார்கள். 1971 நவம்பரில் 4004 என்ற சில்லு சந்தைக்கு வந்தது. அதில் 2,300 டிரான்ஸிஸ்டர்கள். தாளம் வினாடிக்கு 7 லட்சத்து 40 ஆயிரம் தட்டு.

முதலில் அந்தச் சில்லின் உரிமை முழுவதும் பிஸிகாமுக்கே சொந்தமாக இருந்தது. அவர்கள் கொடுத்திருந்த 60,000 டாலரைத் திருப்பிக் கொடுத்து, கால்குலேட்டர் அல்லாத மற்ற காரியங்களுக்கு அதை விற்கும் உரிமையை இன்டெல் வாங்கிக் கொண்டது. உலக வியாபார சரித்திரத்தில் இவ்வளவு மலிவாக ஒரு ராஜ்யம் கைமாறியது அபூர்வம்தான்.

அடுத்த முக்கியமான வருஷம் 1981. ஐ.பி.எம். கம்பெனி தன் 'பர்சனல் கம்ப்யூட்டரை' வெளியிட்டது. அதன் தாளம் 4.77 மெகாஹெர்ட்ஸ். இந்த 4.77 என்பது என்ன கணக்கு? ஏதோ பெரிய விஞ்ஞான ரகசியம் இருக்கவேண்டும் என்று தோன்றுகிறதல்லவா? அந்தப் பிராசஸரால் 5 மெகாஹெர்ட்ஸ் வரையில் ஓட முடியும். ஆனால் அமெரிக்கக் கலர் டெலிவிஷனில் படம் காட்டுவதற்கு ஒரு குறிப்பிட்ட தாளம் வேண்டியிருந்தது. டெலிவிஷனுக்கு ஒரு படிகம், பிராசஸருக்கு ஒரு படிகம் என்று இரண்டு போடுவானேன் என்று ஒரே படிகத்தைப் போட்டு, அதன் தாளத்தை மூன்றால் வகுத்துப் பிராசஸருக்குக் கொடுத்துவிட்டார்கள். விடை 4.77. வீட்டுச் செலவில் சிக்கனம் பிடிக்கிற எந்தக் குடும்பத் தலைவிக்கும் இந்தக் கணக்கு உடனே விளங்கும்.

பிறகு அந்த ஜாடையில் யந்திரம் செய்த மற்றக் கம்பெனிகள், 8 என்றும் 10 என்றும் வேகத்தை ஏற்றினார்கள். உடனே ஒரு விபரீதம் நேர்ந்தது. பழைய விளையாட்டுகள் 4.77 தாளத்தை நம்பி எழுதப்பட்டிருந்தன. புது யந்திரத்தில் அவை கண்மண் தெரியாமல் ஓடின; விளையாடுகிறவன் விரலை எடுப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. ஆகையால் வேகத்தைக் குறைப்பதற்கு ஒரு பொத்தான் வைத்தார்கள். அந்தப் பொத்தானுக்கு என்ன பெயர் தெரியுமோ? 'டர்போ'! மெதுவாகப் போவதற்காக வைத்த பொத்தானுக்கு வேகத்தின் பெயர்.

அதோடு விடவில்லை. பெட்டியின் முகப்பில் பளபளவென்று ஒரு விளக்கு எண்ணும் வைத்தார்கள். 33 என்றோ 66 என்றோ அது ஜ்வலிக்கும். வாங்கியவர்கள் விருந்தாளிகளை அழைத்துக் காட்டிப் பூரித்தார்கள். உண்மையில் அந்த விளக்கு எதையும் அளக்கவில்லை. பெட்டியைப் பூட்டியவர் உள்ளே சில சிறு இணைப்புகளை மாற்றிவைத்து, தமக்கு வேண்டிய எண்ணைத் தெரியும்படி செய்துவிடுவார். 66 தெரிய வேண்டுமென்றால் 66; 99 தெரிய வேண்டுமென்றால் 99. இந்த நீண்ட சரித்திரத்தில் மறக்கக்கூடாத ஒரு சிறு பொருளைச் சொல்லச் சொன்னால், நான் அந்த விளக்கைத்தான் சொல்வேன்.

இதற்கிடையில் கோர்ட்டுக்கும் போனார்கள். '386' என்ற எண் தனக்கே சொந்தம் என்றது இன்டெல். வெறும் எண்ணுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது என்று 1991-இல் தீர்ப்பாகியது. எண் போனால் போகட்டும், பெயர் வைத்தால் யார் தடுப்பார்கள்? 486-க்கு அடுத்த சில்லு 1993-இல் 'பெண்டியம்' என்ற நாமகரணத்தோடு வந்தது. ஐந்து என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. அதன் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்தவர்களில் ஒருவர் புனாவில் பிறந்து டில்லியில் எஞ்ஜினீயரிங் படித்த வினோத் தாம்.

பெயர் மாறினாலும் தாளப் போட்டி மாறவில்லை. இன்டெலுக்கு எதிராக ஏ.எம்.டி. என்ற கம்பெனி மல்லுக்கு நின்றது. 2000-ஆம் வருஷம் மார்ச் 6-ஆம் தேதி ஏ.எம்.டி. 1 கிகாஹெர்ட்ஸ் எல்லையைத் தொட்டதாக அறிவித்தது. இரண்டே நாள் கழித்து மார்ச் 8-ஆம் தேதி இன்டெலும் அதையே அறிவித்தது. அந்த வருஷம் நவம்பரில் பெண்டியம் 4 வந்தது: 1.4, 1.5 கிகாஹெர்ட்ஸ்! ஆனால் சோதித்துப் பார்த்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். சில வேலைகளில் 1 கிகாஹெர்ட்ஸ் பெண்டியம் 3 இதைவிட முந்திக்கொண்டது.

அது எப்படி? கல்யாணப் பந்தியை நினைத்துக் கொள்ளுங்கள். பத்துப் பேர் வரிசையாக நின்று பாத்திரத்தைக் கைமாற்றிப் பரிமாறுகிறார்கள். அதே தூரத்தில் இருபது பேரை நிறுத்தினால் ஒவ்வொருவரும் எட்டு வைக்கவேண்டிய தூரம் குறையும். தாளத்தை விரைவாகத் தட்டலாம். பெண்டியம் 3-இல் சுமார் பத்துப் படி. பெண்டியம் 4-இல் இருபது படி. தட்டு வேகமாக விழுந்தது. ஆனால் ஒரு தட்டுக்கு நடந்த காரியம் குறைந்தது. இன்னொரு சங்கடமும் உண்டு. விருந்தாளி அடுத்தபடி சாம்பார்தான் கேட்பார் என்று ஊகித்து வரிசை முழுதும் சாம்பாரை அனுப்பிக் கொண்டிருக்கும்போது, அவர் ரசம் கேட்டுவிட்டால்? வரிசையில் உள்ள அவ்வளவையும் திருப்பி அனுப்ப வேண்டும். வரிசை எவ்வளவு நீளமோ அவ்வளவு நஷ்டம். பிராசஸரும் இப்படி ஊகித்தே வேலை செய்கிறது.

ஏ.எம்.டி. பாடு திண்டாட்டமாயிற்று. அவர்கள் சில்லு குறைந்த தாளத்தில் நிறைய வேலை செய்தது. ஆனால் கடைக்கு வருகிறவர்கள் எண்ணை மட்டும் பார்த்தார்கள். அதனால் 2001-இல் அவர்களும் ஒரு தந்திரம் செய்தார்கள். உண்மையில் 1.53 கிகாஹெர்ட்ஸ் ஓடிய சில்லுக்கு '1800+' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கடைசியில் இந்தப் பந்தயத்தை நிறுத்தியது எந்தப் போட்டிக் கம்பெனியும் அல்ல, உஷ்ணம். தாளத்தை ஏற்ற ஏற்ற மின்சாரத்தின் அழுத்தத்தையும் ஏற்றவேண்டி வந்தது. சூடு அதைவிட வேகமாக ஏறியது. 2004-இல் வந்த பெண்டியம் 4-இல் படிகள் முப்பத்தொன்று; அவற்றில் வேகமானவை 100 வாட்டுக்கு மேல் விழுங்கின. நூறு வாட் குண்டு பல்பை எரியும்போது தொட்டவர்களுக்கு அது என்ன சூடு என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த வருஷம் அக்டோபரில், வருவதாக வாக்களித்திருந்த 4 கிகாஹெர்ட்ஸ் சில்லு இனி வராது என்று இன்டெல் அறிவித்தது. சில நாளைக்குள் நடந்த ஒரு மகாநாட்டில், கம்பெனியின் தலைவர் கிரெய்க் பாரெட் ஆயிரக்கணக்கானவர்கள் முன்னிலையில் மேடையில் மண்டியிட்டு, பாதி விளையாட்டாகவும் பாதி நிஜமாகவும் மன்னிப்புக் கேட்டுக் கொண்டார்.

அவரைக் கைதூக்கி விட்டது யார்? அதே கம்பெனியின் இஸ்ரேல் கிளை. ஹைஃபா நகரத்து எஞ்ஜினீயர்கள், லாப்டாப்புக்கென்றே பெண்டியம் எம் என்ற சில்லை 2003-இல் செய்து முடித்திருந்தார்கள். மடியில் வைத்துக் கொள்ளும் யந்திரம் சுடக்கூடாது. பாட்டரியும் சீக்கிரம் தீரக்கூடாது. அந்த நிர்ப்பந்தத்தினால் அவர்கள் தாளத்தைக் குறைத்து, ஒரு தட்டுக்கு நடக்கும் காரியத்தைக் கூட்டினார்கள். 1.6 கிகாஹெர்ட்ஸ், 24.5 வாட். அதைவிட வெகு பெரிய எண்களைத் தாங்கிய பெண்டியம் 4-களோடு அது சமமாக நின்றது. 2006-இல் வந்த புகழ்பெற்ற 'கோர் 2' இந்த வழியில் வந்த சந்ததிதான்.

இதற்கும் முன்னால், 1985 ஏப்ரலில், இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்திலே ஒரு வேடிக்கை நடந்தது. ஏகார்ன் என்ற சிறு கம்பெனியில் ஸோஃபி வில்ஸன், ஸ்டீவ் ஃபர்பர் என்ற இருவர் செய்த ஏ.ஆர்.எம். சில்லைச் சோதித்தார்கள். சில்லு ஜோராக வேலை செய்தது; மின்சாரம் அளக்கும் கருவியோ பூஜ்யம் காட்டியது! பிறகு பார்த்தால், சில்லுக்கு மின்சாரம் கொடுக்கும் இணைப்பே சரியாக இல்லை. மற்றக் கம்பிகளிலிருந்து கசிந்து வந்த கொஞ்ச மின்சாரத்திலேயே அது ஓடிக்கொண்டிருந்தது. அப்போது பெரிய கம்பெனிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. அந்த வம்சம் செல்போனில் குடியேறிப் பெருகியது. 2020 நவம்பரில், அதே வம்சத்து எம்-1 சில்லை ஆப்பிள் கம்பெனி விசிறியே இல்லாத ஒரு லாப்டாப்பில் வைத்து விற்றது.

இன்று தாளக் கணக்கின் ஆட்சி முடிந்துவிட்டது. பந்தயத்தில் விட்ட 4 கிகாஹெர்ட்ஸைத் தாண்டி 5-க்கு மேலும் போகிற லாப்டாப் சில்லுகள் வந்துவிட்டன. ஆனால் அது சிறிது நேரப் பாய்ச்சல். சூடேறியதும் தானே இறங்கிவிடும். ஆனால் பெட்டியின் மேல் எண் ஒட்டும் வழக்கம் மட்டும் போகவில்லை. 2011-இல் லாப்டாப்புக்கு வந்த ஐ-7 ஒன்றில் (2620எம்) இரண்டே மையங்கள். அதே வருஷத்து மேஜைக் கம்ப்யூட்டரின் ஐ-5 ஒன்றில் (2500) நான்கு மையங்கள். ஏழு பெரிதா, ஐந்து பெரிதா? ஏ.எம்.டி. 2022-இல் அறிவித்த 'ரைஸன் 5 7520யூ' பெயரில் புது வருஷத்து ஏழாயிரம்; உள்ளே இருந்ததோ 2019-இல் அறிமுகமான பழைய அமைப்பு.

ஆகவே, காத்திருக்கும் அன்பர் அந்த இரண்டு நாளில் என்ன செய்யலாம்? எண்ணை விட்டுவிட்டு வாட்டைப் பார்க்கலாம். பெயரின் கடைசியில் 'யூ' என்றிருந்தால் பெரும்பாலும் 15 வாட்டை ஒட்டிய சாது. 'எச்' என்றிருந்தால் 45 வாட்டை ஒட்டிய பயில்வான். கடிதம் எழுதவும், கணக்குப் போடவும், பெண் கல்லூரிப் பாடம் படிக்கவும் சாது போதும், பாட்டரியும் நீடிக்கும். சினிமாப் படத்தொகுப்பு மாதிரி மணிக்கணக்கில் ஓடும் வேலை இருந்தால்தான் பயில்வானுக்குச் சோறு போட வேண்டும். ஒரே சில்லானாலும் மெல்லிய பெட்டியில் சீக்கிரம் களைத்துப் போகும். காற்றோட்டமான பெட்டியில் நின்று உழைக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். மிச்சப் பணம் இருந்தால் ஞாபகசக்தியில், அதாவது 'ராமில்' போடுவது உத்தமம். பல லாப்டாப்புகளில் அதைப் பின்னால் கூட்ட முடியாது.

நகைக்கு மாற்று உரைக்க உரைகல் இருந்தது. துணிக்கு முழம் போடக் கை இருந்தது. இந்தச் சில்லுக்கு மட்டும் விற்கிறவன் கையிலேயே அளவுகோலைக் கொடுத்துவிட்டு ஐம்பது வருஷமாக நாம் விலை விசாரித்துக் கொண்டிருக்கிறோம். என்ன எண் என்று அவன் சொல்லட்டும். என்ன வேலை, எவ்வளவு நேரம், எவ்வளவு சூடு என்று கேட்பது நம் பொறுப்பு.